பெட்ரோலிலும் ஆயிலிலும் பாட்டில் மேல் பாட்டில் ஊற்றியும் மைலேஜ் ஏறாத ஒரு டாக்சி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டிக்காரர் தங்கச்சிமடத்துக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாக ஒரு 1.2 லிட்டர் பெட்ரோல் கார் வைத்து ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். 2015 மாடல். எங்கள் பட்டறைக்கு வந்தபோது ஓடோமீட்டர் 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வாரத்தில் ஓரிரு முறை மதுரைக்குப் போய்த் திரும்புவார், மற்ற நாளெல்லாம் ஓட்டம் தீவுக்குள்ளேயேதான்: ரயிலடி, கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, இடையில் குழந்தைகளோ வயதானவர்களோ உள்ளே உட்கார்ந்திருந்தால் ஏசியைப் போட்டபடி மணிக்கணக்கில் காத்திருப்பது. ராத்திரி வண்டி நிற்பது கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேலே கூரை கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு மதுரை ட்ரிப்பில் லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி, இப்போது 14-ஐத் தொடவில்லை என்பதுதான் அவருடைய முறையீடு. பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம்பினார். இதில் வெறும் நினைப்பு எதுவும் இல்லை, அவர் மனைவி ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கிலோமீட்டரையும் ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல ஆதாரம் அந்த நோட்டுதான்.

மைலேஜ் விழ ஆரம்பித்ததும் அவர் போனது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு. அங்கே மூன்று விதமான பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணும் என்று சொல்லி ஒவ்வொரு ஃபுல் டேங்குக்கும். இரண்டாவது, பிக்கப் கூடும் என்று சொல்லி ஆக்டேன் பூஸ்டர். மூன்றாவது, ஆயில் மாற்றும்போதெல்லாம் கூடவே ஊற்ற, தேன் மாதிரி கெட்டியான ஒரு ஆயில் ட்ரீட்மென்ட். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிருக்கிறது. பெட்ரோலில் ஊற்றும் பாட்டில்களுக்கு மட்டும் மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் என்று நோட்டே சொன்னது. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை, இந்த நிகழ்வை இவ்வளவு விரிவாக எழுதுவதும் அதனால்தான்.

என்ன பார்த்தோம்

வண்டி வந்தது, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில். ஐடிலிங்கில் ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது, மீட்டரில் இன்ஜின் லைட் எரிந்தது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை ஒரு கொத்து வந்து பிறகு அடங்கியது. இது போக 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போல ஆயில் குறைகிறது என்றார்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்பு வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வந்து நிறுத்தியதும் முன்பக்க இடது சக்கரத்தின் அருகில் கை வைக்க முடியவில்லை, வலது சக்கரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சக்கரத்தைக் கழற்றியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் உப்புத் துரு ஏறி உறைந்துபோயிருந்தது, தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. உள்பக்க பேட் இரும்பு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்க பேடில் பாதிக்கு மேல் மிச்சம். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தப் பேட் டிஸ்க்கை விடவில்லை, ஆக மாதக்கணக்கில் வண்டி ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. தனுஷ்கோடி சாலையில் தினமும் போய் வரும் வண்டிகளில் மணலும் உப்புக் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எந்தப் பாட்டிலை எந்த மூடியில் ஊற்றினாலும் இந்தப் பின் அசையப் போவதில்லை.

அடுத்து ஸ்கேனர் போட்டோம். பி0171 கோடு, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. ஃப்யூவல் ட்ரிம், அதாவது அதை ஈடுகட்ட கம்ப்யூட்டர் கூட்டிக் கொடுக்கும் பெட்ரோல், ஐடிலிங்கில் +18 சதவீதம், ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +7 ஆக இறங்கியது. இந்த வண்டியில் உள்ளே போகும் காற்றை ஏர் ஃபுளோ சென்சார் அளக்கிறது, அதைத் தாண்டி எங்காவது ஓட்டை இருந்தால் அந்த வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது. ஐடிலிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரியும், வேகம் கூடும்போது மறைந்துவிடும். இந்த ரீடிங் அப்படியே அதைத்தான் காட்டியது. தேடிப் பார்த்ததில் பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக் பக்கம் திருப்பும் குழாய்), கிளாம்புக்கு அடியில், வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் ஒரு வெடிப்போடு இருந்தது. அதன்மேல் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் அடித்ததும் ஐடிலிங் சட்டென்று மாறியது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோதுதான் எனக்கே கோபம் வந்தது. நான்கு பிளக்கின் பீங்கான் மூக்கும் செங்கல் நிறத்தில் இருந்தன. சாதாரணமாக எரியும் இன்ஜினில் அது வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மம் கலந்த ஆக்டேன் பூஸ்டர் எரிந்தால்தான் இப்படிச் சிவப்புப் படிவு விழும். இந்தப் படிவு, முக்கியமாக இரும்புச் சேர்மத்திலிருந்து வருவது, சூடேறும்போது மின்சாரத்தைக் கடத்தும், பொறி இடைவெளியில் பாய்வதற்குப் பதில் பீங்கான் மேலேயே வழிந்து போய்விடும், சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடும். பிக்கப் கூட என்று வாங்கிய பாட்டில் பிக்கப்பைக் குறைத்திருக்கிறது. 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த இன்ஜினுக்கு அதற்கு மேல் ஆக்டேன் ஏற்றினால் கிடைப்பது எதுவும் இல்லை. ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் அழுத்தத்தைத் தாங்கும் திறன்தானே தவிர, அதில் கூடுதல் சக்தி எதுவும் அடங்கியிருக்கவில்லை.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், நான்கு சிலிண்டரிலும் சமமாகவும் நல்ல அளவிலும் இருந்தது. பிஸ்டன் ரிங் தேயவில்லை. அப்படியானால் ராத்திரி நின்ற பிறகு காலையிலும், நீண்ட நேரம் ஐடிலிங்கில் நின்ற பிறகும் மட்டும் வரும் நீலப் புகை, ஆயில் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் ரப்பரான வால்வு சீல் கெட்டிப்பட்டதால்தான். ஏர் ஃபில்டர் தட்டினால் மணல் கொட்டும் நிலையில் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. "தம்பி, நான் ஊத்துனதும் சத்தம் அடங்குச்சே, காதால கேட்டேனே, அது பொய்யா?" என்றார். பொய் இல்லை அண்ணே, கெட்டியான எண்ணெய் ஊற்றினால் தேய்ந்த இடைவெளிகளில் சத்தம் அமுங்கத்தான் செய்யும் என்றேன், ஆனால் வாயால் சொல்வதை விட அவர் நோட்டில் எண்ணாகவே காட்டுவது நல்லது என்று தோன்றியது. அதனால் ஒரு சமயத்தில் ஒரு வேலை, அதற்குப் பிறகு அளவு, அப்புறம் அடுத்த வேலை என்று முடிவு செய்தோம். பாட்டில்கள் எல்லாவற்றையும் முதல் நாளே நிறுத்தச் சொன்னோம்.

அளவெடுக்க அவருடைய மதுரை ட்ரிப்பையே வைத்துக்கொண்டோம். ராமநாதபுரத்தில் ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் முதல் தடவை தானாக நிற்கும் இடத்தில் நிறுத்தம், மேலே சொட்டுச் சொட்டாக ஏற்றுவது கிடையாது. 500 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் போட்டுவிட்டு முள்ளைப் பார்த்து மைலேஜ் கணக்குப் போடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. பத்து லிட்டர் கணக்கில் அரை லிட்டர் கூடக் குறைய நின்றாலே 5 சதவீதம் மாறிவிடும், பாட்டிலில் எழுதியிருக்கும் வாக்குறுதியும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னொன்று காற்று. கச்சான் வீசும் காலத்தில் பாம்பனிலிருந்து மேற்கே போகும்போது வண்டி காற்றை எதிர்த்துப் போகிறது, திரும்பும்போது காற்று பின்னால் தள்ளுகிறது. போகும்போது மட்டும் அளந்தால் ஒரு எண், வரும்போது மட்டும் அளந்தால் வேறு எண். எந்த பாட்டிலை எப்போது ஊற்றினார் என்று நோட்டோடு ஒத்துப் பார்த்தபோது, "நல்லா வேலை செஞ்சது" என்று அவர் சொன்ன பல நாட்கள் காற்று அடங்கிய நாட்களாகவோ தனி ஆளாக மெதுவாக ஓட்டி வந்த நாட்களாகவோ இருந்தன. ஆகவே போய்த் திரும்பிய முழுக் கணக்கை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

வால்வு சீல் வேலையை மட்டும் தள்ளி வைத்தோம். ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த நாட்களில் ராமேஸ்வரத்தில் டாக்சியை இரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்வது அவர் வருமானத்தில் கை வைப்பது. கம்ப்ரஷன் நன்றாக இருந்ததால் காத்திருக்கலாம். அதுவரை தினமும் காலையில் டிப்ஸ்டிக் பார்த்து, குறைந்தால் மேனுவலில் சொன்ன 5டபிள்யூ-30 ஆயிலையே கொஞ்சம் சேர்க்கச் சொன்னோம்.

கெட்டி ஆயில் ட்ரீட்மென்ட்டை ஏன் நிறுத்தினோம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடையில் வாங்கும் நல்ல ஆயிலிலேயே அடிடிவ் (கூட்டுப்பொருள்) இருக்கிறது. அழுக்கைக் கழுவ டிடர்ஜென்ட், கரியை மிதக்க வைக்க டிஸ்பெர்சன்ட், தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த இசட்டிடிபி, சூட்டில் நீர்த்துப் போகாமல் இருக்க பாலிமர். இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் அளவில் கலந்து, இன்ஜினில் ஓட்டிச் சோதித்துத்தான் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்என், எஸ்பி போன்ற தரம் கொடுக்கப்படுகிறது. பாஸ்பரஸ் கூடினால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்டர் கெடும் என்பதால் அதற்கு உச்ச வரம்பே உண்டு. அதன் மேல் பெயர் தெரியாத ஒன்றைச் சேர்த்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லாமல் போகிறது. கெட்டியாக்கும் பாட்டில் செய்வது பெரும்பாலும் பாலிமரைக் கூட்டுவதுதான். சத்தமும் புகையும் கொஞ்சம் அடங்கும், ஆனால் காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை போய்ச் சேர நேரமாகும், தேய்மானம் அதிகம் நடப்பதும் அந்த நேரத்தில்தான்.

இது இங்கே மட்டும் நடக்கிற வியாபாரம் இல்லை. அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற ஆயில் ட்ரீட்மென்ட், டெஃப்லான் வகைப் பூச்சு இன்ஜின் பாகங்களில் ஒட்டிக்கொண்டு தேய்மானத்தைப் பாதியாக்கும் என்ற தோரணையில் விளம்பரம் செய்தது. அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 1996-ல் வழக்குத் தொடுத்து, அந்த வாக்குறுதிகளுக்கு ஆதாரமில்லை என்றது. 1997-ல் சமரசமாகி, ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொல்லக் கூடாது என்று உத்தரவானது.

என்ன நடந்தது

ஆரம்ப அளவு லிட்டருக்கு 13.4. ஸ்லைடு பின், புது பேட், பின்னுக்கு உரிய கிரீஸ் போட்ட பிறகு 15. முழுக் குறையில் மூன்றில் ஒரு பங்கு ஒரு பிரேக்கில் இருந்திருக்கிறது. பிசிவி ஹோஸ் மாற்றியதும் 15.5. ஹைவேயில் ஹோஸ் ஓட்டையின் பாதிப்பு குறைவு என்பதால் அங்கே கொஞ்சம்தான் தெரிந்தது, ஆனால் தீவுக்குள் ஐடிலிங் நடுக்கத்தில் பெரிய அளவு போய்விட்டது, இன்ஜின் லைட்டும் திரும்ப வரவில்லை. பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியதும் 16.6.

அதற்கு மேல் ஏறவில்லை. ஏறாததற்கும் காரணம் ட்ரிம்மிலேயே இருந்தது. ஹோஸ் மாற்றிய பிறகு ஐடிலிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் ஒரே மாதிரி +6 பக்கத்தில் நின்றது. எல்லா வேகத்திலும் ஒரே அளவு என்றால் ஓட்டை இல்லை, பெட்ரோலே மாறியிருக்கிறது. 2025-க்குள் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. நிதி ஆயோக்கின் 2021 எத்தனால் அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு (10 சதவீத எத்தனால்) சரிசெய்த கார்களில் இ20 (20 சதவீத எத்தனால்) போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்கிறது. 18-ல் 6 சதவீதம் போனால் 16.9. ஆக, எத்தனால்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவர் நம்பியது கால்வாசி சரி, மீதி பிரேக்கும் ஹோஸும் பிளக்கும். எத்தனாலால் போன அந்தக் கால்வாசியை எந்த பாட்டிலாலும் திருப்பித் தர முடியாது, ஏனென்றால் 35 லிட்டர் பெட்ரோலில் குறைந்துபோன சக்தியை 300 மில்லி பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.

கடைசியாக, நியாயமாக ஒரு பாட்டிலுக்கும் வாய்ப்புக் கொடுத்தோம். பாலிஈதர்அமீன் என்று லேபிளில் தெளிவாகப் போட்ட ஒரு இன்ஜெக்டர் கிளீனர். இந்த வகை வேதிப்பொருள் இன்ஜெக்டர் முனையிலும் எரியும் அறையிலும் உள்ள படிவைக் கரைக்கும் என்பது நிரூபணமானது, பெரிய எண்ணெய் நிறுவனங்களே பெட்ரோலில் கலப்பதும் உண்டு. ஒரு முழு டேங்கில் ஓட்டிப் பார்த்ததில் மைலேஜ் 16.7, ட்ரிம்மில் மாற்றமில்லை. இது அளவுப் பிழைக்குள் அடங்கிவிடும். மருந்து வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை, இந்த வண்டியில் இன்ஜெக்டர் அழுக்காக இல்லை, அவ்வளவுதான். இன்ஜெக்டர் அடைத்து பிக்கப் திணறும் வண்டிக்கு இதே பாட்டில் பலன் தரும், நான் கொடுப்பேன். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் அடிக்கும் புது வகை இன்ஜின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை, அங்கே வால்வுக் கரிக்கு டேங்கில் ஊற்றும் கிளீனர் உதவாது.

ஆயில் பக்கம் முதலில் நிலைமை மோசமாகத் தெரிந்தது. கெட்டி ட்ரீட்மென்ட்டை வடித்துவிட்டுச் சரியான ஆயில் ஊற்றியதும் காலைப் புகை கூடியது, இன்ஜின் மேல்பக்கத்தில் லேசான டிக் டிக் சத்தமும் திரும்பியது. அவர் போனில் கவலையோடுதான் பேசினார். கெட்டி எண்ணெய் மூடி வைத்திருந்தது வெளியே வருகிறது, புதுப் பழுது இல்லை என்று விளக்கினோம். ஆடி அமாவாசை முடிந்ததும் வால்வு சீல் மாற்றினோம், ஹெட்டைக் கழற்றாமல், பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு செய்த வேலை. பழைய சீலை விரலால் அழுத்தினால் ரப்பர் என்று சொல்ல முடியாது, பிளாஸ்டிக் போல உடைந்தது. சீலை ஊற வைத்து மென்மையாக்கும் அடிடிவ் என்று ஒரு வகை உண்டு, கொஞ்சம் சுருங்கிய சீலுக்குச் சில காலம் உதவும், உடையும் நிலைக்குப் போன சீலுக்கு ஒன்றும் செய்யாது. வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளியைச் சரிசெய்ததும் சத்தமும் போனது. வாடைக் காற்று தொடங்கிய பிறகு சர்வீசுக்கு வந்தபோது டிப்ஸ்டிக் கிட்டத்தட்ட மேல்கோட்டிலேயே இருந்தது, இடையில் அவர் ஆயில் சேர்க்கவே இல்லை.

வால்வு சீல் வேலையைத் தவிர மற்ற பழுதுகளுக்கு, கூலியும் சேர்த்து ஆன செலவு, அவர் மூன்று மாதம் பெட்ரோலில் ஊற்றும் பாட்டில்களுக்குக் கொடுத்ததை விடக் குறைவு.

இனி மாற்றிக்கொள்வது

மைலேஜ் குறைகிறது என்று கடற்கரைப் பக்கத்திலிருந்து எந்த வண்டி வந்தாலும், ஸ்கேனரை எடுப்பதற்கு முன்பு ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் சூட்டைப் பார்ப்பதை முதல் வேலையாக்கிவிட்டோம். பாம்பன், மண்டபம், தனுஷ்கோடி ஓட்டம் உள்ள வண்டிகளுக்கு ஒவ்வொரு ஆயில் சர்வீசிலும் ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கிறோம், கூலி கேட்பதில்லை, அது அரை மணி நேர வேலைதான். வண்டிக்காரரிடம் கேட்கும் முதல் கேள்விகளில், என்ன பாட்டில் ஊற்றினீர்கள், முடிந்தால் காலி பாட்டிலை எடுத்து வாருங்கள் என்பதும் சேர்ந்துவிட்டது. ஆக்டேன் பூஸ்டர் ஊற்றியிருக்கிறார் என்று முன்பே தெரிந்தால் பிளக்கை முதலிலேயே பார்த்துவிடலாம்.

பாட்டில் வேண்டும் என்றே கேட்பவருக்கு, லேபிளில் என்ன வேதிப்பொருள் என்று எழுதாத எதையும் நாங்கள் ஊற்றுவதில்லை. ஆயிலுக்குள் எதுவும் சேர்ப்பதில்லை, அதற்குப் பதில் நிறைய ஐடிலிங்கில் நிற்கும் டாக்சிகளுக்கு ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்கிறோம், ஏனென்றால் நின்று ஓடும் மணி நேரம் ஓடோமீட்டரில் ஏறாது, ஆயில் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும்.

இந்த வண்டியில் இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. பிளக்கில் ஏறிய அந்தச் சிவப்புப் படிவு கேட்டலிடிக் கன்வர்டருக்குள்ளும் போயிருக்கும். கன்வர்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ரீடிங் இப்போதைக்கு நிலையாக இருக்கிறது. தை அமாவாசைக் கூட்டம் முடிந்து வரும் சர்வீசில் அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வண்டிக்காரரின் நோட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.